நன்றியும் காரணமும்

ஆபத்துக் காலத்தில் கூப்பிட்டால் கடவுள் பதில் தருவார் என்ற நம்பிக்கையை நாஸ்திகன் மூடத்தனம் என்று ஒதுக்குகிறான். ஆஸ்திகன் அனுபவம் என்று காப்பாற்றுகிறான். இருவருமே அதை ஒரு முன்னறிவிப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்: இதைச் செய்தால் இது நடக்கும். ஒருவனுக்கு அது பொய், மற்றவனுக்கு மெய். என் சங்கடம் வேறு இடத்தில். மெய்யா பொய்யா என்று பார்ப்பதற்கு முன்பே, அந்த முன்னறிவிப்பில் ஒரு குரூரம் இருக்கிறது.

2018 மார்ச் 11ஆம் தேதி போடிக்கு மேலே குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேற வந்தவர்கள் கொழுக்குமலைப் பாதையில் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள். காய்ந்த புல் சரிவு. சரிவில் தீ சமவெளியில் போல நகர்வதில்லை. மேலே இருக்கும் புல்லை அதன் அனல் முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது; ஓடி ஏறுகிற மனிதனைவிட வேகமாக ஏறுகிறது. மொத்தம் 23 பேர் இறந்தார்கள். சிலர் மலையிலேயே, மற்றவர்கள் மதுரையிலும் பிற ஊர்களிலும் ஆஸ்பத்திரிகளில், நாட்களும் வாரங்களும் கழிந்து.

இந்தப் பின்பாதிதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. மலையில் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று ஊகிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் தீக்காய வார்டுக்கு வெளியே நாட்கணக்கில் உட்கார்ந்திருந்த தாய் தகப்பன்மார் யாரும் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை என்று நினைக்க முடியுமா? சிலர் பிழைத்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. பிழைத்தவர் வீட்டில் 'வேண்டுதல் பலித்தது' என்று ஒரு வாக்கியம் எழுமானால், அடுத்த படுக்கையில் கிடந்து இறந்தவர் வீட்டில் அதே வாக்கியம் என்ன சொல்கிறது?

சிசரோ ஒரு கதை சொல்கிறார். கடற்புயலில் தப்பியவர்கள் கோயிலில் காணிக்கையாக மாட்டிய படங்களை தியாகோரஸ் என்ற நாஸ்திகனுக்குக் காட்டி, இதைப் பார்த்துமா தெய்வத்தை மறுக்கிறாய் என்று கேட்டார்களாம். மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே என்று அவன் திருப்பிக் கேட்டானாம். நம் அம்மன் கோயில்களிலும் வெள்ளிக் கண்மலர் காணிக்கையாக வருகிறது. குணமாகாத கண்ணுக்கென்று ஒரு கண்மலர் இல்லை. தியாகோரஸின் கேள்வி சாட்சியக் கணக்கைப் பற்றியது. எனக்கு அவன் கணக்கு போதவில்லை. மூழ்கியவனின் மனைவி அந்தப் படங்களின் முன்னால் வந்து நின்றால் அவை அவளிடம் என்ன பேசும் என்பதுதான் என் கேள்வி.

அவளுக்குச் சொல்ல மூன்று சமாதானங்கள் தயாராக இருக்கின்றன. உன் நம்பிக்கை போதவில்லை என்பது ஒன்று. பூர்வ ஜன்ம வினை என்பது இரண்டாவது. இரண்டும் இறந்தவன் மீதோ இருப்பவள் மீதோ குற்றத்தை ஏற்றிவிட்டுக் கடவுளைக் காப்பாற்றுகின்றன. மூன்றாவது நாகரிகமானது: மறுப்பும் ஒரு பதில்தான்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பொட்டிபுரம் நினைவுக்கு வருகிறது. குரங்கணிக்குத் தெற்கே, இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். அங்கே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. எதிர்ப்பும் வழக்கும் தொடர்ந்து, 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் அதை அனுமதிக்க முடியாது என்றது. அந்தச் சர்ச்சை இங்கே விஷயமல்ல. திட்டத்தின் தர்க்கம் மட்டும் எனக்கு வேண்டும். வேறு துகள்களை வடிகட்ட எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை. உள்ளே 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. ஓயாமல் ஊடுருவிப்போகும் எண்ணற்ற துகள்களில் எப்போதாவது ஒன்று இரும்பில் மோதும் தடயத்துக்காகக் காத்திருப்பது. எந்தத் தவசியின் பொறுமைக்கும் இது குறைந்ததல்ல. ஆனால் காத்திருக்கத் தொடங்குமுன்பே, எது வந்தால் பதில், எது வராவிட்டால் பதில் இல்லை என்று அவர்கள் வரையறுத்துக்கொள்ள வேண்டும். வந்தாலும் பதில், வராவிட்டாலும் பதில் என்பவனுக்கு அந்தக் குகையில் வேலை இல்லை. பிரார்த்தனை விஞ்ஞானப் பரிசோதனை அல்ல என்பார்கள். சம்மதம். அப்படியானால் அது பலனைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. பலித்தபோது சாட்சியாகவும் பலிக்காதபோது மர்மமாகவும் இருக்க அதற்கு அனுமதி இல்லை.

பலனை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அப்பரிடம் போய்ப் பார்க்கலாம். சூலை நோய் வயிற்றைப் பிடுங்கியபோது திருவதிகையில் அவர் கேட்டார். வலியைத் தீர் என்று நேராகவே கேட்டார். பின்னொரு நாள் பல்லவ அரசன் அவரை நீற்றறையில் போட்டு அடைத்தான் என்றும், ஏழு நாள் கழித்துத் திறந்தபோது ஊனமில்லாமல் இருந்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. நீற்றறையில் பாடியதாக மரபு காட்டும் பதிகத்தை எடுத்துப் படித்தால், வெளியே விடு என்ற வேண்டுதல் அதில் எங்கும் இல்லை. ஈசனின் நிழல் எத்தனை இதமானது என்பதற்குச் சில உவமைகள், அப்புறம் வழிபாடு பற்றிய யோசனைகள். ஏழாம் நாள் கதவு திறக்கும் என்பது சேக்கிழாருக்குத் தெரியும். உள்ளே இருந்தவருக்குத் தெரியாது. புராணம் பலனிலிருந்து பின்னோக்கிப் பார்க்கிறது. பதிகம் பலனுக்கு முந்திய இருட்டில் நிற்கிறது. பைபிளில், தானியேல் புத்தகத்தில், சூளையில் போடப்படவிருந்த மூன்று இளைஞர்களும் தங்கள் கடவுள் காப்பாற்ற வல்லவர் என்று சொல்லிவிட்டு, காப்பாற்றாமற் போனாலும் தங்கள் நிலை மாறாது என்று சேர்த்துக்கொள்கிறார்கள். கடவுளை நம்புவது என்றால் எனக்குப் புரிவது அந்தச் சேர்க்கைதான்.

இதை ஒரு நெறியாக்கி, வார்டு வாசலில் நிற்பவளிடம் 'கேட்காதே, நம்பு' என்று உபதேசிப்பது மற்றொரு குரூரம். நீற்றறையில் கேட்காதவர்தான் அதிகையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டவர். வலி கேட்கத்தான் செய்யும். கேட்டதற்குப் பின் நேர்ந்ததைத் தன் மீதான தீர்ப்பாக வாசிக்க அவளை நாம் பழக்கியிருக்கிறோமே, அங்கேதான் தவறு.

அன்று மாலை முதலில் மேலேறிப் போனவர்களில் குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். பிறகு வனத்துறை, தீயணைப்புப் படை, விமானப்படை ஹெலிகாப்டர்கள். டோலி கட்டித் தூக்கி இறக்கினார்கள். இப்படிப்பட்டவர்களைப் பற்றி 'சாமியே மனுஷ ரூபத்தில் வந்தது' என்று சொல்வது நம் வழக்கம். மரியாதையாகத்தான் சொல்கிறோம். ஆனால் தூக்கிவரப்பட்டவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை. வந்தது சாமி என்றால், பாதி வழியில் ஏன் கைவிட்டது என்ற கேள்வி வரும். வந்தது மனிதர்கள் என்றால் அந்தக் கேள்வி இல்லை. அவர்களால் ஆனது அவ்வளவு. அவர்களைச் சாமியாக்காமல் விடுவதே அவர்களுக்கு மரியாதை.

முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரைத் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுக்கிறார்கள். குரங்கணியில் சரிவெல்லாம் எரிந்த அதே தீ, இங்கே ஒரு சட்டிக்குள் அடங்கி, வேப்பிலை மேல் உட்கார்ந்து, கையில் வருகிறது. பிள்ளை பிழைத்ததற்காக எடுக்கிறவள் இருப்பாள். அவளிடம் தர்க்கம் பேச நான் தயாரில்லை. அவள் செய்வதில் இரண்டு காரியங்கள் கலந்திருக்கின்றன. பிள்ளை இருக்கிறான் என்பதற்கு நன்றி ஒன்று. ஏன் இருக்கிறான் என்பதற்குக் காரணம் மற்றொன்று. நன்றிக்கு யாரையும் புண்படுத்த வேண்டிய அவசியமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளும் அதே கூட்டத்தில் நின்று அந்தச் சட்டியைப் பார்த்துக் கும்பிட முடியும். காரணத்தை வாய்விட்டுச் சொன்ன கணத்தில் அவள் அங்கே நிற்க முடியாது.