தரையைத் தொடும் கயிறு

இங்கிலாந்தின் தென்கரையில் ஈஸ்ட்போர்ன் என்றொரு பழைய ஊர். கூழாங்கல் கரை, கடலுக்குள் நீண்டு நிற்கும், 1870-ல் திறந்த இரும்புக்கால் பாலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மிச்சக் காலத்தைக் கழிக்க வந்து சேரும் ஊர் என்று அதற்கு நெடுநாளாகப் பெயர். அவர்களுக்கென்றே அடுக்குமாடி வீடுகள் உண்டு. இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் 55 அல்லது 60 வயது ஆனவர்களுக்குத்தான் இடம். பிள்ளைகள் பார்க்க வந்தால் தங்குவதற்குப் பொதுவில் ஒரு விருந்தினர் அறை. முன்னமே சொல்லி வைத்து, வாடகையும் கட்ட வேண்டும். நம் பாட்டிகள் கேட்டால் மோவாயில் கை வைப்பார்கள்.

வானப்பிரஸ்தத்துக்குக் காடு எதற்கு, இதுவே போதுமே என்று தோன்றும். ஆயுசெல்லாம் சேர்த்த சாமானில் ஒரு சின்னக் கூடத்துக்குள் எது அடங்கும் என்று பார்த்துப் பார்த்துக் கழித்துவிட்டு வருகிறார்கள். ஆனாலும் பீரோவையும் பாத்திரத்தையும் விடுவது பெரிய துறவில்லை. ‘எனக்கு யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்வேன்’ என்பதை விடுவதுதான் கடினம்.

அங்கே குளியலறையில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். இழுத்தால் மறுமுனையில் யாராவது குரல் கொடுப்பார்கள். நுனி கிட்டத்தட்டத் தரை வரைக்கும் வர வேண்டும். விழுந்து கிடப்பவர் கைக்கு எட்டத்தானே அது இருக்கிறது. பலர் அதைச் சுருட்டி, மேலே முடிந்து வைத்துவிடுகிறார்கள். பெருக்கும்போது இடைஞ்சலாம், தவறி இழுபட்டால் வெட்கக்கேடாம். எனக்கென்னவோ அந்த முடிச்சுக்குள் கொஞ்சம் அகந்தையும் இருப்பதாகத்தான் படுகிறது. யானை கஜேந்திரனும் உடம்பில் பலம் இருந்தவரை முதலையோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் கூப்பிட்டான். ஓடி வந்த பெருமாள், ‘இத்தனை காலம் ஏன் கூப்பிடவில்லை?’ என்று கேட்கவில்லை.

ஊருக்கு மேற்கே, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை முகட்டில், பெல் டூட் என்ற கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1834-ல் ஏற்றிய விளக்கு. 1902-ல் அதற்கும் ஓய்வு கொடுத்தாயிற்று. அலை அடியில் அரிக்க, பாறை மேலிருந்து சரிய, விளிம்பு வாசலருகே வந்துவிட்டது. 1999-ல் கட்டடத்தைப் பிரிக்காமல், ஜாக்கி வைத்துத் தூக்கி, அப்படியே 17 மீட்டர் உள்ளே தள்ளினார்கள். கடலோடு யாரும் வழக்காடவில்லை. பாறை இன்னும் சரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் மறுபடியும் நகர்த்தத் தோதாகவே புது இடத்தில் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள்.