பாடசாலையை அளக்கும் கோல்

ஒரு பாடசாலை பயனுடையதா அன்றா என்பதை எதனைக் கொண்டு துணிவது? பெரும்பாலும் இது நிருவாகம் பற்றிய வினாவாகவே கருதப்பட்டு வருகின்றது. படிவங்களும் புள்ளிகளும் அதற்குப் போதுமென எண்ணுவோர் பலர். இறம்பொடையை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றில் எழுத்தறிந்தவன் என்ற முறையில், இவ்வினா முதற்கண் அறம் பற்றியது என்றே எனக்குத் தோன்றுகின்றது. அளப்பவர் யார், எவர்பொருட்டு அளக்கின்றார், அளவு குறைந்தவிடத்துப் பழியை ஏற்பவர் யார் என்பன அதனுள் அடங்கியுள்ளன.

அப்பாடசாலையின் மண்டபச் சுவரில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியோரின் பெயர்கள் ஆண்டு வாரியாக அதில் எழுதப்பட்டுள்ளன. மேற்பார்வைக்கு வருவோரின் கண்கள் முதலிற் செல்வது அங்குதான். பெயருள்ள ஆண்டு நல்லாண்டு. பெயரில்லா ஆண்டு அதிபருக்குச் சோதனை. ஆனால், அப்பரீட்சையின் நோக்கங்களுள் ஒன்று திறமையுள்ள பிள்ளைகளை வளமுள்ள பாடசாலைகளுக்கு அனுப்புவதன்றோ? பலகையிற் பெயர் ஏறிய பிள்ளை பெரும்பாலும் மறு ஆண்டு அங்கு இருப்பதில்லை. நுவரெலியாவுக்கோ கம்பளைக்கோ கண்டிக்கோ போய்விடுகின்றது. ஆகவே, தன் சிறந்த மாணவரை எத்துணை விரைவாக இழக்கின்றதோ அத்துணை சிறந்தது அப்பாடசாலை என மதிக்கும் விந்தையான கோலொன்று நம் கையில் இருக்கின்றது. ஆறாண்டுகள் கழிந்து க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வரும்போது, எஞ்சியிருந்தோரைக் கொண்டு அதே பாடசாலை மீண்டும் அளக்கப்படுகின்றது. அப்பொழுது அதற்குக் கிடைக்கும் பெயர் 'பின்தங்கிய பாடசாலை' என்பதாகும்.

பெறுபேற்றை மட்டும் நோக்கும் அளவையின் கதை புதிதன்று. இங்கிலாந்தில் 1862இல் றொபேட் லோ கொண்டுவந்த விதிக்கோவை, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையும் பெற்ற தேர்ச்சிக்கு ஏற்பப் பாடசாலைக்குப் பணங் கொடுத்தது. பாடசாலைப் பரிசோதகராகவும் கவிஞராகவும் விளங்கிய மத்தியூ ஆர்னல்ட் அதனைக் கடுமையாக எதிர்த்தார். கற்பித்தல் இயந்திரத் தன்மை எய்துகின்றது என்பது அவர் கண்ட குறை. அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அம்முறை கைவிடப்பட்டது. ஆயின் அதன் ஆவி கடல் கடந்து நம் மலைகளில் இன்னும் உலவுகின்றது.

இதற்கு மறுதலையான வாதமும் உண்டு. அமெரிக்காவில் 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, பிள்ளையின் அடைவைத் தீர்மானிப்பதில் பாடசாலையின் வளங்களைவிடக் குடும்பப் பின்னணியே வலியது எனக் காட்டியது. மலையகத்தவராகிய நமக்கு இவ்வாதம் இனிக்கும். லய அறையிற் படிப்பதற்கு மேசையில்லை; விடியலில் பிரட்டுக்குப் போகும் தாய் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பது எங்ஙனம்? வரலாறும் நம் பக்கமே நிற்கின்றது. தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் கடமையை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிருவாகத்தின் மேற் சுமத்தியது. நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தும், தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசின் பொறுப்பில் வந்தது 1970களின் பிற்பகுதியிலேதான். ஒரு தலைமுறை பிந்திப் புறப்பட்டவனை, முன்னரே ஓடியவனோடு ஒரே கோட்டில் நிறுத்தி அளப்பது நீதியாகாது.

இவ்வளவும் மெய். இருப்பினும், இம்மெய்யே நம்மைக் கெடுக்கவும் வல்லது. எமக்குக் கணிதங் கற்பித்த ஆசிரியர் ஒருவர், பின்வாங்கில் இருந்த மாணவி விடை தெரியாது விழித்தபோது, "இருக்கட்டும் விடு, கொழுந்தெடுக்கப் போற புள்ளைக்கு அட்சரகணிதம் எதுக்கு?" என்றார். அவர் தீயவரல்லர். நாள்தோறும் இரண்டு பஸ் மாறி வந்து போனவர். அவர் குரலில் இரக்கமே இருந்தது. அப்பெண் அதன்பின் அப்பாடவேளையிற் கைதூக்கியதை நான் கண்டதில்லை. வறுமையைக் காரணங்காட்டிப் பாடசாலையை மன்னிக்கும்போது, நாம் உண்மையில் மன்னிப்பது யாரை? அம்மன்னிப்பின் விலையைக் கொடுப்பது யார்? மைக்கேல் றட்டரும் அவருடைய சகாக்களும் இலண்டனிற் பன்னிரண்டு இடைநிலைப் பாடசாலைகளை ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட நூல், ஒத்த பின்னணியுடைய பிள்ளைகளைப் பெற்ற பாடசாலைகளிடையேயும் பெரும் வேறுபாடு இருப்பதை நிறுவிற்று. பாடசாலையால் ஆவது உண்டு. ஆவதைச் செய்யாமை குற்றமே.

எனவே எனது நிலைப்பாடு இது: ஒருவரின் ஆற்றலுக்கு உட்பட்டதற்கே அவரைப் பொறுப்பாக்கலாம், உட்பட்டதற்கு அவரை விட்டுவிடலாகாது. பாடவேளையில் வகுப்பறையில் நிற்பதும், பின்வாங்குப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பதும் ஆசிரியரின் ஆற்றலுக்கு உட்பட்டவை. விஞ்ஞான ஆசிரியரே இல்லாமை அதிபரின் குற்றமன்று; அப்புள்ளியைக் கழிக்க வேண்டியது வலயத்தின் கணக்கில், அமைச்சின் கணக்கில். 2015ஆம் ஆண்டளவிற் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது அவர்களுக்கு முதலில் வழங்கப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். அக்கொடுப்பனவை நிர்ணயித்தோரை மதிப்பிட எந்தப் படிவமும் அச்சாகவில்லை.

இன்று உள்ளக மதிப்பீடு, வெளிவாரி மதிப்பீடு என இருவகை நடைபெறுகின்றன. மாணவர் அடைவோடு மாணவர் நலன், இணைப்பாடவிதானம், தலைமைத்துவம், பாடசாலைக்கும் சமூகத்துக்குமான உறவு என்பனவும் நோக்கப்படுகின்றன. பழைய வித்தியாதரிசி காலத்தை நோக்க இது வளர்ச்சியே. ஆனால் மதிப்பீட்டுக் குழு வருமுன் கோவைகள் தைக்கப்படும் வேகத்தைக் கண்டவர்க்கு, கோவை அளக்கப்படுகின்றதா பாடசாலை அளக்கப்படுகின்றதா என்ற ஐயம் எழாமற் போகாது.

தைக்க வேண்டாத ஆவணமொன்று ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கின்றது. அதுவே சேர்விடாப்பு. பிள்ளை சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் ஆகியன அதிற் பதியப்படும். கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. அவ்வயதுக்கு முன் விலகியோர் யாவர் என்பதை எவரும் அவ்விடாப்பிலிருந்து அரைமணி நேரத்தில் எண்ணிவிடலாம். பல்கலைக்கழக அனுமதிக்குச் சான்றிதழ் பெறச் சென்றபோது, எழுதுவினைஞர் என் பெயரைத் தேடிய பக்கத்தை நானும் குனிந்து பார்த்தேன். என்னோடு முதலாந் தரத்தில் அமர்ந்தோரின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கொழும்புக் கடைகளுக்குப் போனவர்கள், வீட்டுவேலைக்குப் போனவர்கள், அட்சரகணிதம் வேண்டாமென விடப்பட்ட அந்தப் பெண். திகதிகள் யாவும் அழகிய கையெழுத்தில் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. காரணத்துக்குரிய நிரலில், ஒருவர் பின் ஒருவராக, 'வரவின்மை' என்ற ஒரே சொல் இருந்தது.