'டக்'கென்று ஒரு புள்ளி

உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய்ப் பழைய எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அம்மாவின் பெயரோ, தாத்தாவின் இனிஷியலோ புள்ளி புள்ளியாகத் தெரியும். பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து ஒருவர் சின்ன உளியும் சுத்தியலுமாக 'டொக் டொக்'கென்று தட்டிக் கொடுத்தது அது. பிறகு கரண்டில் ஓடும் மெஷின் வந்தது. 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம், அரை நிமிஷத்தில் பெயர் ரெடி. ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. 'ழ' விழவேண்டிய இடத்தில் 'ள' விழுந்துவிட்டால், மூன்று தலைமுறையும் அந்த 'ள'வோடுதான் காபி குடித்தாக வேண்டும்!

உலோகத்தில் வைத்த புள்ளி அவ்வளவு லேசில் போகாது. தாமிரபரணிக் கரைக்கு இது ரொம்பப் பழைய சேதி. ஆதிச்சநல்லூரில் 1899-ல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது, தங்கத்தில் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. மெல்லிசான தகடு. சிலவற்றின் மேல் புள்ளிகளும் கோடுகளுமாக அலங்காரம். செய்தவரின் பெயர் போய்விட்டது. அவர் வைத்த புள்ளி இருக்கிறது.

பட்டறையில் இந்தப் புள்ளிக்கு அலங்காரத்தைவிடப் பெரிய வேலை உண்டு. இரும்புத் தகட்டில் ஒரு ஓட்டை போடவேண்டும் என்று வையுங்கள். பென்சிலால் குறி போட்டுவிட்டு நேராக டிரில்லிங் மெஷினை இறக்கினால் என்ன ஆகும்? பிட் நீங்கள் சொன்ன இடத்தில் நிற்காது. வழுக்கிக்கொண்டு ஓடி, தனக்குப் பிடித்த இடத்தில் இறங்கும். காரணம், பிட்டின் நட்டநடு முனை வெட்டாது. சும்மா உரசித் தள்ளும். வெட்டுவதெல்லாம் பக்கத்து விளிம்புகள்தான். அந்த நடு முனை போய் உட்கார ஒரு சின்னக் குழி வேண்டும். அதை வைப்பதற்குத்தான் சென்டர் பஞ்ச். நெல்லை பேட்டை ஐ.டி.ஐ. ஆகட்டும், வேறு எந்த ஊர் ஐ.டி.ஐ. ஆகட்டும், ஃபிட்டர் படிக்கப் போகிற பையனுக்கு இது ஆரம்பப் பாடங்களில் ஒன்று.

சாதாரண பஞ்ச் என்றால் ஒரு கையில் பஞ்ச், மறு கையில் சுத்தியல். ஆட்டோமேட்டிக் பஞ்ச்சுக்குச் சுத்தியலே வேண்டாம். பார்க்கத் தடித்த பேனா மாதிரி இருக்கும். முனையைக் குறியில் வைத்து அழுத்த அழுத்த, உள்ளே ஸ்பிரிங் சுருங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போய், உள்ளே ஒளிந்திருக்கும் குட்டிச் சுத்தி பாய்ந்து முனையின் பின்னால் அடிக்கும். 'டக்!' புள்ளி விழுந்தாச்சு. ஒவ்வொரு அடியும் ஏறக்குறைய ஒரே பலம். மறு கை சும்மா இருப்பதால் தகட்டையும் பிடித்துக்கொள்ளலாம்.

வாங்கப் போகிறீர்களா? பி.காம். படித்தவன் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். விலையை அப்புறம் பாருங்கள். தலைப்பக்கம் திருகினால் அடியின் பலம் கூடிக் குறைய வேண்டும். மெல்லிசு அலுமினியத் தகட்டுக்கும் கனத்த இரும்புக்கும் ஒரே அடி சரிப்படாது. முனை தேய்ந்தால் அதை மட்டும் மாற்ற முடியவேண்டும். எண்ணெய்க் கையில் வழுக்காமல் இருக்க, பிடி சொரசொரப்பாக இருக்கட்டும். கடினப்படுத்திய உருக்கின் மேல் வைக்காதீர்கள், முனை உடையும். பெரிய ஓட்டை என்றால் இது வைத்த புள்ளியை, சுத்தியலால் அடிக்கும் பஞ்ச்சை வைத்து இன்னும் ஆழமாக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

எல்லாம் சரி, எந்த இடத்தில் குத்துவது? இந்த அருமையான கருவி அதை மட்டும் சொல்லாது! ஸ்கிரைபரால் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு கீறவேண்டும். பஞ்ச்சைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஒரு கோட்டின் பள்ளத்தில் முனையை மெல்ல நகர்த்த வேண்டும். இரண்டு கோடும் சந்திக்கிற இடத்தில் 'நறுக்'கென்று லேசாகத் தட்டுப்படும். விரலுக்குத்தான் அது தெரியும். அப்புறம் செங்குத்தாக நிமிர்த்தி, அழுத்து.

பலத்தைக் கருவியிடம் கொடுத்துவிடலாம். இடத்தைக் கொடுக்க முடியாது. இதே பஞ்ச்சைக் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் வைத்து அழுத்தினால், அது டெம்பர்ட் கண்ணாடியாக இருந்தால், பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வெள்ளத்தில் மாட்டிய காரிலிருந்து ஆளை மீட்பவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள், காரை உடைத்துப் பையைத் தூக்குகிற திருடனும் பயன்படுத்துகிறான். கருவி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி 'டக்' என்கிறது. அதற்கு மனசாட்சி கிடையாது. வைத்திருக்கிறவருக்கு இருக்கவேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். சுத்தியலை ஓங்க ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் கண் இன்னொரு தரம் குறியைப் பார்த்துவிடும். பக்கத்தில் வயசான மேஸ்திரி நின்றால், "எலே, பாத்து அடிலே!" என்று சொல்லவும் நேரம் இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் அந்த ஒரு நொடி போய்விட்டது. வேலை சுலபமானால் பொறுப்பு குறையும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் கூடுகிறது. கருவி பிடுங்கிக்கொண்ட அந்த ஒரு நொடியை நாமேதான் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரும்பில் மட்டும்தானா புள்ளி வைக்கிறோம்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற நாளை நினைத்துப் பாருங்கள். பட்டறையில் குறி வைப்பதற்கும் 'மார்க்' என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் வாங்குவதற்கும் அதே பெயர். "எத்தனை மார்க்?" என்று சித்தப்பா போனில் கேட்பார். பதில் வந்த மறுவிநாடி, "இவனுக்குப் படிப்பு ஏறாது, ஐ.டி.ஐ.யில் தள்ளிவிடுங்க" என்பார். 'டக்!' சுத்தியல் ஓங்கவில்லை, வியர்க்கவில்லை. பதினைந்து வயதுப் பையனின் மனசில் ஒரு குழி விழுந்துவிட்டது. அதற்கப்புறம் டீச்சர் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது, அவனே தனக்குச் சொல்லிக்கொள்வது எல்லாம் டிரில் பிட் மாதிரி நேராக அந்தக் குழியில்தான் வந்து இறங்கும்.

அந்த ஒரே வாக்கியத்தில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. பையனை மட்டம் தட்டியதோடு, ஒரு தொழிலையும் குப்பைத்தொட்டி ஆக்கியாச்சு. அரை மில்லிமீட்டர் பிசகாமல் புள்ளி வைப்பது மூளையில்லாதவன் வேலையா? முயன்று பாருங்கள், தெரியும்.

'அப்படியானால் பிள்ளைகளுக்கு வழியே காட்டக்கூடாதா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குறியே வைக்காத தகட்டில் பிட் ஓடிப்போகும் என்று நான்தானே சொன்னேன். வழி காட்டத்தான் வேண்டும். எப்படி என்பதற்கு ஃபிட்டரிடமே பதில் இருக்கிறது. அவர் முதலில் 60 டிகிரி கூர்முனை டாட் பஞ்ச்சால் லேசாகப் புள்ளி வைப்பார். ஸ்கேலை எடுத்து அளப்பார். சரியாக இருந்தால்தான் 90 டிகிரி சென்டர் பஞ்ச்சால் ஆழமாக்குவார். முதல் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் பஞ்ச்சைச் சரியான பக்கம் பார்த்துச் சாய்த்துத் தட்டி, குழியையே நகர்த்திக் கொண்டுவருவார். லேசாக வைத்த புள்ளியைத்தான் அப்படி நகர்த்த முடியும். ஓட்டை விழுந்தபிறகு அளந்து என்ன பிரயோஜனம்?

படிப்பிலும் இப்படி நகர்த்த வழி இருக்கத்தான் செய்கிறது. பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசாங்க விதியே புள்ளியை நகர்த்த இடம் வைத்திருக்கிறது. இடம் வைக்காதது நம் வாய்தான்.

அடுத்த தடவை ரிசல்ட் வருகிற அன்று நீங்களும் ஏதாவது வீட்டுக்குப் போன் பண்ணுவீர்கள். பண்ணுங்கள். மார்க்கையும் கேளுங்கள், தப்பில்லை. ஆனால், பதில் வந்ததும் அந்த ஒரு நொடி நிறுத்துங்கள். பிறகு பையனிடமே போனைக் கொடுக்கச் சொல்லி, "உனக்கு எதில்ப்பா இஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டறையில் மார்க் வைத்த இடத்திலிருந்துதான் வேலையே ஆரம்பிக்கிறது.