வட்டத்தில் வாய்மூடி

வட்டமாக உட்கார வேண்டும். யாருடைய கதையை எடுத்துக்கொள்கிறோமோ அவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் பேசுவார்கள், ஆளுக்குச் சில நிமிடங்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. குறிப்பெடுக்கலாம். கடைசி ஆள் முடித்த பிறகுதான் அவருடைய முறை. அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர்களிடையே மில்ஃபோர்டு முறை என்று பெயர்பெற்ற விதி இது.

இந்த விதியை என் வகுப்பறைக்கு ஆசையோடு கொண்டுவந்தவள் நான். அதைக் கொண்டு ஒரு பெண்ணைக் காயப்படுத்தியவளும் நான்தான்.

ஆண் பெயரில் எழுதிய பெண்களைப் பற்றி ஒரு பாடத்துக்குத் தயாரித்துக்கொண்டிருந்தபோது ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியரிடம் போய்ச் சேர்ந்தேன். அது ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்ணின் புனைபெயர். அந்த எழுத்தில் ஆண்மை மணக்கிறது, பெண் எழுதியிருக்க வாய்ப்பே இல்லை என்ற பொருளில் ஓர் ஆண் எழுத்தாளர் முன்னுரையே எழுதியிருந்தார்; பிறகு உண்மை வெளிப்பட்டது. டிப்ட்ரீயைத் தொடர்ந்து போனால் விஸ்கான் வந்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மாடிசன் நகரில் 1977 பிப்ரவரியில் தொடங்கிய பெண்ணிய அறிவியல் புனைவு ரசிகர் மாநாடு அது. நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத ரசிகர்கள். 1991இல் அதன் மேடையில்தான் பாட் மர்ஃபி என்ற எழுத்தாளர், பால் அடையாளத்தைக் கேள்வி கேட்கும் புனைவுகளுக்கு டிப்ட்ரீ பெயரில் ஒரு விருது தரப்போவதாக அறிவித்தார். கேக்கும் பிஸ்கட்டும் சுட்டு விற்று அதற்குப் பணம் சேர்த்தார்கள். வேண்டுமென்றே செய்த நையாண்டி அது என்பது புரிகிறது. ஆனாலும் பெண்கள் எதைத் தொடங்கினாலும் யாராவது ஒருத்தி அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஓர் எரிச்சல் வரத்தான் செய்தது.

நான் மாடிசனுக்குப் போனதில்லை. அங்கே ஆய்வு மாணவியாக இருந்த என் பழைய மாணவி ஒருத்தி ஒருமுறை போய்வந்து தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினாள். மாநாடு தொடங்கும் வெள்ளிக்கிழமை மதியம் ‘கூடுகை’ என்று ஒன்று நடக்குமாம். பெரிய கூடம், தேநீர், கைவேலைகள். ஒரு பக்கம் துணி மாற்று: நாம் உடுத்தாத துணிகளைக் கொண்டுபோய்க் குவிக்கலாம், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், கணக்கு வழக்கு கிடையாது. “யாருமே தெரியாதும்மா. பேச்சை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு பயந்துக்கிட்டே போனேன். ஒரு அம்மா பச்சைப் பாவாடை ஒண்ணை எடுத்து என் இடுப்பில வச்சுப் பார்த்தாங்க. அவ்வளவுதான்” என்றாள். அந்தக் கூடத்தில் பேசாமல் இருப்பவளை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. கைகளுக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது.

அதே வெள்ளிக்கிழமையில்தான் எழுத்துப் பயிலரங்கும். கதைகளை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். சிறு சிறு குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் அனுபவமுள்ள ஓர் எழுத்தாளர். அவள் இதைச் சொன்னபோதுதான் எனக்கு ஆசை தொற்றியது. நம் கல்லூரிகளில் ‘பயிலரங்கு’ என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்: மேடை, பொன்னாடை, இரண்டு மணி நேரச் சொற்பொழிவு, கடைசியில் சான்றிதழ். வட்டமாக உட்கார்ந்து ஒருத்தியின் கதையைப் பத்துப் பேர் உண்மையாகவே படித்துவிட்டு வந்து பேசுவது எத்தனை பெரிய மரியாதை! இருபது வயதில் எனக்கு அது கிடைத்திருந்தால் என்று ஏங்கினேன். விதிகளைத் தேடிப் படித்தேன். எழுதியவர் பேசக் கூடாது என்ற விதி மிகவும் பிடித்துப்போனது. நம் கவியரங்குகளில் கவிதையைவிட நீளமாக விளக்கம் சொல்லும் கவிஞர்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் நான்.

இளங்கலை மாணவிகள் பதினோரு பேர். எல்லோரும் பெண்கள், ஒரே வயது, ஒரே விடுதிச் சாப்பாடு. எல்லோரும் சமம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒருத்தியின் கதை வந்தது. வறண்ட ஒரு கோள். வானிலிருந்து தண்ணீர்க் கப்பல் இறங்குகிறது. சனங்கள் குடத்தோடு ஓடுகிறார்கள். கதைசொல்லியின் அம்மா மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். எல்லோரும் பிடித்த பிறகு கடைசியில் போகிறாள். ஏன் என்று கதையில் ஒரு வரியும் இல்லை.

வட்டம் சுற்றியது. அம்மாவின் பாத்திரம் நம்பும்படி இல்லை என்றாள் ஒருத்தி. தாகத்தில் இருப்பவள் ஏன் ஓடவில்லை, இது தர்க்க ஓட்டை என்றாள் இன்னொருத்தி. அம்மாவுக்குக் கால் ஊனம் என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும் என்று மூன்றாவது பெண் யோசனை சொன்னாள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது, ஐந்தாவது… விதிப்படி அவள் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் முறை வந்தபோது “நன்றி” என்று மட்டும் சொன்னாள்.

வகுப்பு முடிந்ததும் நடையில் நின்றிருந்தாள். “அம்மா, அது ஓட்டை இல்லீங்கம்மா. எங்க அம்மா அப்படித்தான் நிப்பாங்க. குழாயடியில.”

அதன் பிறகுதான் அந்த விதியின் பூர்வீகத்தைத் தேடினேன். 1956இல் டேமன் நைட், ஜேம்ஸ் பிளிஷ், ஜூடித் மெரில் மூவரும் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டில் தொடங்கிய எழுத்தாளர் கூட்டம் அது. வந்தவர்கள் ஏற்கெனவே அச்சில் வந்தவர்கள், ஒருவருக்கொருவர் சளைக்காதவர்கள். தன் கதைக்காக வாதாடத் துடிப்பவரைச் சற்று நேரம் அடக்கி வைக்க அந்த மௌனம் உதவியது. 1968இல் கிளாரியன் என்ற பயிலரங்கு தொடங்கியபோது அதே முறை மாணவர்களுக்கும் வந்தது. பேசிப் பழகியவர்களுக்காக ஏற்பட்ட நோன்பு, பேச இடமே கிடைக்காதவர்கள் மீதும் விழுந்தது.

விழுந்தவர்கள் எல்லோரும் நசுங்கிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1970இல் கிளாரியனுக்குப் போனவர் ஆக்டேவியா பட்லர்: வீட்டு வேலை செய்து பிழைத்த ஒரு கறுப்பினத் தாயின் மகள், மிகுந்த கூச்ச சுபாவம் உள்ளவர். அங்கேதான் அவருடைய முதல் கதைகள் விலைபோயின. பின்னாளில் அவரே அங்கே ஆசிரியராகவும் போனார். பேசாமல் இருக்கலாம் என்பது கூச்சக்காரிக்கு ஒரு நிழலாகவும் இருக்கும் போலிருக்கிறது. என் மாணவியின் முகம் நினைவில் இல்லாவிட்டால் இந்த ஓர் உதாரணத்தை வைத்தே என்னை மன்னித்துக்கொண்டிருப்பேன்.

2021இல் இந்த முறையை எதிர்த்து அமெரிக்காவில் இரண்டு புத்தகங்கள் வந்தன, ஒன்று மேத்யூ சலேஸஸ் எழுதியது, மற்றது ஃபெலீசியா ரோஸ் சாவேஸ் எழுதியது. வட்டத்தில் பெரும்பான்மையாக இருப்பவர்களின் வாழ்க்கையே ‘இயல்பு’ என்றாகி, மற்றவர்களின் வாழ்க்கை உத்திக் குறைபாடாகத் தெரிகிறது என்பதுதான் சாரம். ஆகவே எழுதியவர் பேசட்டும் என்கிறார்கள். படித்தபோது நிம்மதியாக இருந்தது. இரவில் அந்த நிம்மதி போய்விட்டது. அன்று நான் அவளைப் பேச விட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அம்மா ஏன் தள்ளி நிற்கிறாள் என்று விளக்க, பத்துப் பேர் முன்னால் தன் சாதியைச் சொல்லியிருக்க வேண்டும். பேசாதே என்பது அவளை விழுங்கச் சொன்னது. பேசு என்றிருந்தால் அது அவளை ஒப்புக்கொள்ளச் சொல்லியிருக்கும். இரண்டிலும் வேலை அவளுக்குத்தான். தெரியாமல் பேசிய எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

விஸ்கானும் இந்த இடத்தில் வந்து முட்டியிருக்கிறது. பெண்ணியக் கூட்டம் என்பதாலேயே அங்கே எல்லோரும் சமமாகிவிடவில்லை. அறையில் பெரும்பாலும் வெள்ளை முகங்கள். 1999இல் அங்கே எழுந்த விவாதங்களின் தொடர்ச்சியாகத்தான், இப்புனைவு உலகில் இன வேறுபாட்டைப் பற்றிப் பேச கார்ல் பிராண்டன் சங்கம் பிறந்தது. ஐம்பதுகளில் வெள்ளை ரசிகர்கள் சிலர் விளையாட்டாகக் கற்பனை செய்து உலவவிட்ட ஒரு கறுப்பின ரசிகரின் பெயர் கார்ல் பிராண்டன். அந்தப் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த குறும்பு இது. பட்லர் 2006இல் இறந்தபின் வெள்ளையரல்லாத எழுத்தாளர்களைக் கிளாரியனுக்கு அனுப்ப அவர் பெயரில் உதவித்தொகை தொடங்கியதும் இந்தச் சங்கம்தான். மாநாட்டில் வெள்ளையரல்லாதவர்கள் யாருக்கும் எதையும் விளக்காமல் உட்கார்ந்திருக்க ஒரு தனி அறையும் ஏற்பட்டது. பெண்களுக்குள்ளேயே தனி அறையா என்று முன்பு நான் முகம் சுளித்திருப்பேன். என் பதினோரு பேர் வட்டத்தை நினைத்தால் இப்போது சுளிக்க முடியவில்லை.

இன்னும் வட்டமாகத்தான் உட்காருகிறோம். எப்போது பேச விருப்பம், பேசவே வேண்டாமா என்று எழுதியவளிடம் முதலில் தனியாகக் கேட்டுவிடுகிறேன். ‘நம்பும்படி இல்லை’ என்று சொல்ல வருகிறவள், தான் எந்தத் தெருவில் இருந்துகொண்டு அதைச் சொல்கிறாள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். சில நாள் எல்லோரும் பயந்துபோய் ‘அருமை, அருமை’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அது இன்னொரு விதத் துரோகம்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு வட்டத்துக்கு வரவில்லை. மூன்றாம் ஆண்டில் கல்லூரி மலருக்கு அதே கதையைக் கொடுத்தாள். வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருந்தாள்.