“என் சுபாவமே அப்படி!”



மனோதத்துவ நூல்கள் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அவற்றை வாங்கி வருகிறார்கள். உத்தியோகத்திலிருப்பவர்கள் பயிற்சி வகுப்புகளில் அவற்றைப் பற்றிக் கேட்டு வருகிறார்கள். கைப்பேசியில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால், நீ இன்ன வகை மனிதன் என்று நாலு எழுத்தில் தீர்ப்பும் வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட நூல்களைக் கத்தோலிக்கர் வாசிக்கலாமா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். வாசிக்கலாம். ஆனால் வாசித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆத்தும லாபமும் நஷ்டமும் அடங்கியிருக்கின்றன. அதைக் குறித்துச் சற்று ஆலோசிப்போம்.

மனிதரைச் சுபாவத்தின்படி வகுத்துப் பார்ப்பது புதிதன்று. கி.பி. 2-ம் நூற்றாண்டில் வாழ்ந்த கலேன் என்னும் வைத்தியர், இரத்தம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம், கபம் என்ற நான்கில் எது மிகுந்திருக்கிறதோ அதற்கேற்ப மனிதனின் குணம் அமையும் என்றார். அந்த வைத்தியக் கொள்கையைச் சாஸ்திரம் கைவிட்டு வெகுகாலமாகிறது. ஆயினும் உற்சாகமுள்ளவன், முன்கோபி, துயரத்தில் ஆழ்கிறவன், மந்தமானவன் என்ற நான்கு பிரிவுகள் நெடுங்காலம் வழங்கிவந்தன.

நம் காலத்து நூல்களுக்கு மூலவராயிருப்பவர் கார்ல் குஸ்தாவ் யுங் என்ற சுவிட்சர்லாந்து தேசத்து மனநோய் வைத்தியர் (1875-1961). புரோட்டஸ்டாண்டு போதகர் ஒருவரின் மகன். அடிமனத்தை ஆராய்ந்த வியன்னா நகரத்துப் பிராய்டுடன் 1907 முதல் நெருங்கிப் பழகி, 1913-ல் பிரிந்தவர். பிராய்டும், அவரைவிட்டு முன்னரே விலகிய ஆட்லரும் ஒரே விதமான நோயாளியைப் பார்த்தும் முற்றிலும் வேறான முடிவுகளுக்கு வந்தது எப்படி என்ற கேள்வி யுங்கின் மனதில் வெகுநாள் உறுத்தியது. ஒருவர் வெளியுலகை நோக்கிய மனமுடையவர், மற்றவர் தன்னுள் நோக்கிய மனமுடையவர் என்று அவர் கண்டார். 1921-ல் அவர் வெளியிட்ட பெரிய நூலில் வெளிமுக சுபாவம், உள்முக சுபாவம் என்ற இரண்டையும், சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என்ற நான்கு சக்திகளையும் விவரித்தார். ஆகவே, நம்மோடு ஒத்துப்போகாதவர் ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று விளங்கிக்கொள்ளும் முயற்சியே இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுதலாய் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்நூல் 1923-ல் ஆங்கிலத்தில் வந்தது. அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற தாய் அதை ஆர்வத்தோடு படித்தாள். அவள் மகள் இசபெல் மையர்ஸ் இரண்டாம் உலக யுத்த காலத்தில் அதைக் கேள்வித்தாளாக அமைக்கத் தொடங்கினாள். இருவரும் மனோதத்துவத்தை முறையாகக் கற்றவர்களல்லர். பதினாறு வகை மனிதர் என்று இன்று பலரும் பேசுவது இந்தக் கேள்வித்தாளிலிருந்து வந்ததே. இதை ஆராய்ந்த மனோதத்துவ நிபுணர் பலர் இரண்டு குறைகளைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். சில வாரங்கள் கழித்து அதே கேள்விகளுக்கு மறுபடியும் பதில் எழுதினால் அநேகருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. மேலும் மனிதரில் பெரும்பாலோர் இரண்டு ஓரங்களிலும் நில்லாமல் நடுவிலேயே நிற்கிறார்கள். உலகத்தில் நெட்டையர், குட்டையர் என்ற இரண்டே வகை மனிதர் இல்லையல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

யுங்கும் மனிதருக்குச் சீட்டு ஒட்டுவதை விரும்பவில்லை. 1934-ல் தம் நூலின் ஒரு பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், அப்படிச் செய்வதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்றே தள்ளிவிடுகிறார். மனிதன் தன்னிடத்தில் வளராமல் கிடக்கும் சக்தியைக் கவனியாமல் விட்டால் அது குழந்தைத்தனமாகவே இருந்து அவனைத் தடுக்கி விழச்செய்யும், ஆகையால் அதையும் வளர்க்க வேண்டும் என்பது அவர் போதனை. ஆனாலும் அவர் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்க முடியாது. ஆங்கில சாமிநாதர் சபைக் குருவான விக்டர் ஒயிட் சுவாமியார் அவருக்கு நண்பராயிருந்தார். சுவாமியார் 1952-ல் வெளியிட்ட நூலுக்கு யுங் முன்னுரையும் தந்தார். அப்படியிருந்தும், தீமை என்பது நன்மையின் குறைவே என்ற திருச்சபைச் சாஸ்திரிகளின் போதனையை யுங் மறுத்தபடியால் இருவருக்கும் கடும் விவாதம் உண்டாயிற்று. ஆதலால் இந்த நூல்களைக் கண்ணைத் திறந்துகொண்டு வாசிக்க வேண்டும்.

இவற்றால் நன்மை இல்லையா? உண்டு. பேச்சுக் குறைந்த பிள்ளையை “ஊமைக்கோட்டான்” என்று உறவினர் முன் இகழ்ந்த தகப்பனார், இதுவும் சர்வேசுரன் தந்த ஒரு சுபாவமே என்று உணர்ந்து சும்மாயிருந்தால், அது பெரிய நன்மை. அர்ச். பிரான்சீஸ்கு சலேசியார் 1609-ல் வெளியிட்ட பக்தி நூலிலும், அவரவர் அந்தஸ்துக்கும் பலத்துக்கும் தக்கவாறே பக்தி முயற்சி அமைய வேண்டும் என்று போதித்தார். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும் ஆத்தும விசாரணையில் மனோதத்துவத்தின் முடிவுகளைப் பயன்படுத்த வேண்டுமென்று 1965-ல் கற்பித்தது.

மோசம் எங்கே வருகிறதென்றால், “நான் இப்படிப்பட்டவன்” என்பதிலிருந்து “ஆகையால் நான் இப்படி நடக்கலாம்” என்பதற்குத் தாவும்போது வருகிறது. ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கணவர் மாலையில் வேலையிலிருந்து வருகிறார். பிள்ளையின் படிப்பைப் பற்றி, கடனைப் பற்றி, தன் உடல்நோவைப் பற்றி இரண்டு வார்த்தை பேச மனைவி காத்திருக்கிறாள். அவரோ வாய் திறப்பதில்லை. இப்படியே வருஷங்கள் போகின்றன. ஒருநாள் அவர் ஒரு நூலை வாசிக்கிறார். “நான் உள்முக சுபாவமுள்ளவன், என்னை ஒன்றும் கேளாதே” என்கிறார். முன்பு அவருக்கு மனச்சாட்சியாவது கொஞ்சம் குத்திக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் அடங்கிவிட்டது. அந்த நூல் பொய் சொல்லவில்லை. அவர் அதிகம் பேசாதவர் என்பது மெய்யே. ஆனால் கல்யாண நாளில் பீடத்தின் முன் தாம் கொடுத்த வாக்கு இன்று இரவு தம்மிடத்தில் என்ன கேட்கிறது என்பதை எந்தச் சுபாவ நூலும் அவருக்குச் சொல்லாது. அவர் நெடுநேரம் பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையோடு கேட்டால் போதும். அது உள்முக சுபாவத்தாருக்கும் கூடிய காரியமே.

கரிசலில் பருத்தி நன்றாய் வரும், வண்டலில் நெல் நன்றாய் வரும். மண் இன்னதென்று அறிந்த குடியானவன் அதற்கேற்ற விதையையும் பருவத்தையும் தேர்ந்துகொள்கிறான். “என் மண் கரிசல், ஆகையால் உழமாட்டேன்” என்று சொல்லும் குடியானவன் உண்டோ? சுபாவம் நமக்குக் கிடைத்த மண். அதில் விளையவேண்டிய புண்ணியமோ நம் பிரயாசையாலும் தேவ இஷ்டப்பிரசாதத்தாலும் வருவது.

அர்ச். இராயப்பரைப் பாருங்கள். அவர் ஆத்திரக்காரர். முன்பின் யோசியாமல் வாளை உருவினார். எல்லாருக்கும் முந்தி வாக்குக் கொடுத்து அன்றிரவே மறுதலித்தார். பிறகு “என் சுபாவமே அப்படி” என்று சொல்லாமல் வெளியே போய் மனங்கசந்து அழுதார். அதே ஆத்திரம் பின்னாளில் ஆலோசனைச் சபையின் முன் அஞ்சாமல் சாட்சி சொல்லும் தைரியமாய் மாறிற்று. சலேசியாரும் சுபாவத்தில் எளிதில் கோபம் மூளுகிறவர் என்று அவர் சரித்திரம் கூறுகிறது. அவரை உலகம் இன்று நினைப்பதோ சாந்தகுணத்திற்காக.

இரண்டாவது மோசம், பிறருக்குப் பெயர் சூட்டுவது. “இவள் உணர்ச்சி வகை, நியாயம் எடுபடாது”, “இவன் பொறுப்பில்லாத வகை, சொல்லி என்ன பயன்?” இப்படி ஒரு பெயரைச் சூட்டிய பிறகு அந்தப் பிள்ளையின் பேச்சு நம் காதில் விழுவதில்லை. அதுவும் தனக்கு அந்தப் பெயரே கதியென்று எண்ணிக்கொள்கிறது. மார்த்தாள் வேலை செய்ததற்காகச் சேசுநாதர் சுவாமி அவளைக் கண்டிக்கவில்லை. பலவற்றைப் பற்றிக் கலங்கி, தன் தங்கையும் தன்னைப் போலவே இருக்க வேண்டுமென்று அவள் முறையிட்டபோதே அன்போடு திருத்தினார். இருவரையும் அவர் நேசித்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மனவியாதி என்பது மெய்யான வியாதி. அதை மனக்கோணல் என்று திட்டுவது அநியாயம். காரணமின்றிக் குற்ற உணர்ச்சியால் இராப்பகலாய் வதைபடுகிறவர்களும், உயிரை வெறுக்கிறவர்களும் தாமதமின்றி வைத்தியரிடம் போகவேண்டும். பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1953 ஏப்ரல் மாதம் மனநோய் சிகிச்சை நிபுணர்களுக்கு நிகழ்த்திய உரையில் இதைத் தெளிவாக்கினார். வியாதியால் வரும் குற்ற உணர்ச்சியும் உண்டு, மெய்யான குற்றத்தால் வரும் உணர்ச்சியும் உண்டு. பின்னதைச் சிகிச்சை மாத்திரம் நீக்கிவிடாது. நம்முள் இருக்கும் வேகங்கள் நம்மைத் தூண்டலாம், ஆனாலும் சுகமுள்ள மனிதனை அவை கட்டாயப்படுத்துவதில்லை என்றும் அவர் போதித்தார். ஆகவே வைத்தியர் பாவமன்னிப்புக் கொடுக்கமாட்டார், குருவானவர் மருந்து எழுதித் தரமாட்டார். இருவரும் வேண்டிய வேளையில் இருவரிடமும் போவதே விவேகம்.

கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுகிறவன் தானே தன்னைப் பற்றிச் சாட்சி சொல்லுகிறான். தேவாலயத்தில் நின்று செபித்த பரிசேயன் கையில் அதைக் கொடுத்திருந்தால் அழகான பதில்களையே எழுதியிருப்பான். ஆகையால் நம்மை நாம் அறிய இன்னும் இரண்டு சாட்சிகள் தேவை. ஒன்று, நம்மோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள். “என்னிடத்தில் உங்களுக்குப் பாரமாயிருப்பது எது?” என்று மனைவியை, கணவரை, வளர்ந்த பிள்ளைகளைக் கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கே பேசாதிருங்கள். மற்றொன்று, சர்வேசுரனுடைய சந்நிதியில் செய்யும் ஆத்தும சோதனை. 1548-ல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற ஞானத் தியான நூலில் அர்ச். இஞ்ஞாசியார் அதற்கு ஐந்து படிகள் காட்டுகிறார்: பெற்ற நன்மைகளுக்காக நன்றி கூறுதல், ஒளி கேட்டு மன்றாடுதல், நினைவு சொல் செயல்களை ஆராய்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்தப் பிரதிக்கினை செய்தல். நான் எந்த வகை என்ற கேள்வி இந்த ஐந்தில் ஒன்றிலும் இல்லை. இன்று யாரை நோகச் செய்தேன், நாளை என்ன செய்வேன் என்ற கேள்விகளே இருக்கின்றன.

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, போனவுடனே தன் சாயலை மறந்துவிடுகிற மனிதனைப் பற்றி அர்ச். இயாகப்பர் எழுதுகிறார். முகத்தில் கரியிருந்தால் கழுவுவதற்காகத்தானே கண்ணாடி? சுபாவத்தைப் பற்றிய நூலை வாசிக்கிற பிள்ளைகளிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டாம். நீங்களும் கூட உட்கார்ந்து வாசியுங்கள். மூடி வைக்கும்போது, “இதைத் தெரிந்துகொண்டதால் இந்த வாரம் நம் வீட்டில் யாருக்கு நான் இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டுவேன்?” என்று ஒவ்வொருவரும் தன்னைக் கேட்டு, ஒரு பெயரை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது அந்தப் பெயரிலிருந்தே தொடங்கலாம்.