பாராத நூலுக்குச் சாட்சி சொல்லலாமா?

இராஜாக்கமங்கலம் துறைப் பக்கம் மீன் வாங்க வரும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? கூடைக்காரி எத்தனை சத்தியம் செய்தாலும் அவர்கள் நம்புவதில்லை. மீனைக் கையில் எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பு மாறியிருந்தால் கூடையிலேயே போட்டுவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவார்கள். ஒரு வேளைக் குழம்புக்கு இத்தனை சோதனை! ஆனால் காதில் விழும் சொல்லையும் கண்ணில் படும் எழுத்தையும் நாம் செவுள் பாராமலே வாங்கிவிடுகிறோம். வாங்குவதோடு நிற்கிறோமா? நம் சரக்கென்று சொல்லி அடுத்தவருக்கும் விற்றுவிடுகிறோம்.

இந்த எண்ணம் எனக்கு உண்டான விதத்தைச் சொல்கிறேன். என் தங்கை மகள் நாகர்கோவிலில் முதுகலை படிக்கிறாள். நாஞ்சில் நாட்டு முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி, பிழை திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டு வந்தாள். இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) அவர்களைப் பற்றித்தான் அதில் பெரும் பகுதி. கட்டுரை நன்றாகவே இருந்தது. கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு நூல்களின் பட்டியல் இருந்தது.

"மக்களே, இந்தப் பன்னிரண்டையும் நீ பார்த்தியா?" என்று கேட்டேன்.

"நாலுதான் பார்த்தேன் மாமா. ஏழு, அந்த நாலு புத்தகத்தின் அடிக்குறிப்பிலிருந்து எடுத்தது. ஒன்று கைப்பேசியில் கேட்டபோது வந்தது. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்."

"பாராத நூலைப் பார்த்ததாக எழுதலாமா?"

அவள் சற்றும் தயங்காமல் பதில் சொன்னாள்: "எழுதிய விஷயம் உண்மைதானே மாமா? உண்மை என்றால், அது யார் வழியாக வந்தால் என்ன?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கேள்வி சின்னப் பெண்ணின் கேள்வி என்றாலும் சின்னக் கேள்வியல்ல.

உண்மையும் சாட்சியும்

நீதிமன்றத்தில் ஒருவர் ஏறி, 'இந்த நிலத்தை இன்னார் இன்னாருக்கு விற்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்' என்று சாட்சி சொல்கிறார். விற்பனை நடந்தது உண்மை. ஆனால் அவர் அன்று ஊரிலேயே இல்லை. மச்சான் சொல்லக் கேட்டதுதான். இவர் சொன்னது மெய்ச்சாட்சியா, பொய்ச்சாட்சியா? செய்தி மெய், சாட்சி பொய். இரண்டும் ஒன்றல்ல.

அடிக்குறிப்பு என்பதும் ஒரு சாட்சியம்தான். 'இந்த நூலை, இந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். நீங்களும் போய்ப் பார்க்கலாம்' என்று எழுதுகிறவர் வாசகருக்குச் சொல்லும் வாக்கு அது. பாராமல் எழுதினால் செய்தி பிழைத்தாலும் வாக்குப் பொய்த்துவிடுகிறது.

அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவி, பார்வை, இதயம் ஆகிய மூன்றும் மறுமையில் விசாரிக்கப்படும் என்றும் திருமறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் (17:36) நம்மை எச்சரிக்கிறது. கேட்டதைப் பார்த்ததாகச் சொன்னவனின் கண்ணிடம் அன்று கேள்வி கேட்கப்பட்டால், அது என்ன பதில் சொல்லும்?

தத்லீஸ் என்னும் மறைப்பு

ஹதீஸ் கலை வல்லுநர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஓர் அறிவிப்பாளர், தமக்கும் ஓர் ஆசிரியருக்கும் இடையில் இருந்தவரை மறைத்து, அந்த ஆசிரியரிடமே தாம் கேட்டது போன்ற சொற்களில் அறிவிப்பதை அவர்கள் 'தத்லீஸ்' என்று பெயரிட்டுக் கண்டித்தார்கள். ஹதீஸ் ஸஹீஹானதாகவே இருந்தாலும் மறைப்பு மறைப்புத்தான். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் ஷுஅபா (ரஹ்) அவர்கள் தத்லீஸைப் பொய்யின் உடன்பிறப்பு என்றே கருதினார்கள். அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களோ, அறிவிப்பாளர் வரிசையாகிய இஸ்னாதை மார்க்கத்தின் ஓர் அங்கமாகவே கொண்டார்கள். அது இல்லாவிட்டால் விரும்பியவர் விரும்பியதைச் சொல்லிவிடுவார் என்பது அவர்களின் கவலை.

இடையில் இருந்தவரை மறைப்பதில் இன்னொரு பாவமும் உண்டு. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும்படி அந்நிஸா அத்தியாயம் (4:58) கட்டளையிடுகிறது. அந்த ஏழு நூல்களையும் தேடி, தூசி தட்டி, படித்துக் குறிப்பெடுத்தவர் வேறொருவர். அவர் உழைப்பை எடுத்துக்கொண்டு அவர் பெயரை விட்டுவிட்டால், அமானிதம் உரியவரிடம் போய்ச் சேருமா?

பெயர் சொல்வதால் விளையும் நன்மைக்கு நம் இலக்கியத்திலேயே சான்று இருக்கிறது. முஸ்லிம்களைப் பற்றிய தமிழ் நூல்களில் மிகப் பழமையானது என்று கருதப்படுவது பல்சந்தமாலை. நூல் முழுவதும் அழிந்துவிட்டது. களவியற்காரிகை என்னும் இலக்கண நூலின் உரையில் மேற்கோளாக எட்டுப் பாடல்கள் மட்டும் தப்பியிருக்கின்றன. அதன் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அப்படி ஒரு நூல் இருந்ததை நாம் அறிவது எதனால்? எடுத்தாண்ட உரைகாரர் அந்த நூலின் பெயரைச் சொன்னதனால்தான். பெயரை விட்டிருந்தால் நம் சமுதாய வரலாற்றில் ஓர் ஏடே இல்லாமல் போயிருக்கும்.

செவுளைத் தூக்கிப் பார்க்க ஐந்து கேள்விகள்

சரி, ஓர் ஆதாரத்தை எப்படிச் சோதிப்பது? ஒரு ஹதீஸ் ஸஹீஹ் என்று ஆவதற்கு நம் முன்னோர் ஐந்து நிபந்தனைகள் வைத்தார்கள். அவற்றையே நம் பிள்ளைகளின் ஆய்வுக்கும் உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, வரிசை அறுபடாமல் இருக்க வேண்டும். எழுதியவர் அதை நேரில் கண்டாரா, கண்டவரிடம் கேட்டாரா, இன்னொரு நூலில் படித்தாரா? கூடுமானவரை ஊற்றுக்கண்ணுக்கே போக வேண்டும். ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு ஹதீஸுக்காக ஒரு மாதம் பயணம் செய்து, ஷாம் தேசத்திலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் போனார்கள். நமக்குப் பேருந்தில் ஏறி நூலகம் போகவே சோம்பலாக இருக்கிறது.

இரண்டாவது, சொல்பவர் நேர்மையாளராக இருக்க வேண்டும். நம் பகுதியின் வரலாற்றுக்கு நாகம் ஐயா 1906இல் எழுதிய திருவிதாங்கூர் நாட்டுக் கையேடு பெரும் துணை. ஆனால் அது அரசாங்கத்துக்காக எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். பாட்டனாரின் பெருமையைப் பேரன் எழுதினால் அதையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ஒதுக்க வேண்டியதில்லை, நிறுத்துப் பார்த்தால் போதும்.

மூன்றாவது, அவரிடம் துல்லியம் இருக்க வேண்டும். நம் மாவட்டம் 1956 நவம்பர் முதல் தேதிதான் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முந்திய ஆவணங்களில் பெரும்பாலும் கொல்லம் ஆண்டையே காணலாம். அந்த ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆகவே ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள நாட்களுக்கு 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள நாட்களுக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். பாவலர் சென்னையில் சதாவதானம் செய்தது 1907 மார்ச். அது கொல்லம் 1082. விவரம் தெரியாமல் 824ஐக் கூட்டினால் 1906 என்று வந்துவிடும். இப்படிப் பிறந்த ஓராண்டுப் பிழைகள் எத்தனை நூல்களில் உலவுகின்றனவோ!

நான்காவது, தம்மைவிட உறுதியானவர்களுக்கு மாறுபடாமல் இருக்க வேண்டும். எல்லாரும் ஒன்று சொல்ல ஒருவர் மட்டும் வேறு சொன்னால், அவர் கையில் என்ன ஆதாரம் என்று கேட்க வேண்டும்.

ஐந்தாவது, மறைந்திருக்கும் குறை இருக்கக் கூடாது. இதற்கு ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் நடந்ததைச் சொல்லலாம். கைபர் வாசிகளுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஜிஸ்யா வரியை நீக்கியதாக ஒரு பத்திரம் கொண்டு வரப்பட்டது. சாட்சிகளாக ஸஹாபாக்களின் பெயர்கள் இருந்தன. அமைச்சர் அதை அல் கதீப் அல் பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் காட்டினார். பார்த்த மாத்திரத்தில் போலி என்றார்கள். எப்படி? சாட்சிகளில் முஆவியா (ரலி) அவர்கள் பெயர் இருந்தது. அவர்கள் இஸ்லாத்தை வெளிப்படுத்தியது ஹிஜ்ரி 8, மக்கா வெற்றியின் போது. கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7. ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் பெயரும் இருந்தது. அவர்கள் ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார்கள். முத்திரையையும் மையையும் கண்டு மயங்காமல், பெயர்களைக் காலத்தோடு வைத்துப் பார்த்ததே அந்தப் பேரறிஞரின் சோதனை.

இந்த ஐந்தையும் என் மருமகளிடம் சொன்னேன். அவள் மறுவாரம் நூலகம் போய் அந்த ஏழில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். முகமெல்லாம் வியப்போடு வந்தாள். "மாமா, நான் பார்த்த இரண்டு புத்தகத்திலும் இந்த மேற்கோளுக்கு 47ஆம் பக்கம் என்று போட்டிருக்கிறது. மூல நூலில் அது 74ஆம் பக்கத்தில் இருக்கிறது!" முதலில் ஒருவர் எண்ணை மாற்றி எழுத, அடுத்தவர் மூலத்தைப் பாராமல் அவரை அப்படியே எழுதியிருக்கிறார். இரண்டு சாட்சி என்று நினைத்தோம், இருந்தது ஒன்றுதான். பத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதில் மயங்கிவிடக் கூடாது. பத்துப் பேரும் ஒரே நூலைப் பார்த்து எழுதியிருந்தால் சாட்சி ஒன்றே.

கைப்பேசி சொன்ன நூலையும் தேடினாள். அந்த ஆசிரியர் எழுதிய நூல்களில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. இந்நாளைய இயந்திரங்கள் இல்லாத நூலுக்குப் பெயரும் ஆண்டும் பக்கமும் கற்பித்துத் தரவல்லவை. தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள் என்று அல் ஹுஜுராத் அத்தியாயம் (49:6) கட்டளையிடுகிறது. நன்மை தீமை அறியாத இயந்திரம் கொண்டு வந்தால் விசாரிக்க வேண்டியது இன்னும் எவ்வளவு அவசியம்!

என் பங்குக் குற்றம்

பிள்ளைக்குப் புத்தி சொன்ன நான் என் பட்டியலையும் பார்க்க வேண்டாமா? இங்கேதான் எனக்குத் தலை குனிந்தது.

மதரஸா ஆண்டு விழாக்களில் கல்வியைப் பற்றிப் பேச என்னை அழைப்பார்கள். கல்வி சீன தேசத்தில் இருந்தாலும் போய்த் தேட வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஒரு வாக்கைச் சொல்லித்தான் நான் பேச்சைத் தொடங்குவது வழக்கம். எங்கே படித்தேன்? எங்கும் படிக்கவில்லை. மேடையில் பிறர் சொல்லக் கேட்டது. இப்போது தேடிப் பார்த்தேன். இமாம் இப்னு ஹிப்பான் (ரஹ்) அவர்கள் இதை அடிப்படையற்றது என்று தள்ளியிருக்கிறார்கள். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்த நூலில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். வாசகம் பிரபலம், வரிசை பலவீனம் என்பது இமாம் பைஹகீ (ரஹ்) அவர்களின் கருத்து. கல்வியைத் தேடி ஒரு பாதையில் நடப்பவருக்கு அல்லாஹ் சுவனத்தின் பாதையை எளிதாக்குகிறான் என்னும் கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் உறுதியான ஹதீஸ் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இதைச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த விழாவில் எழுந்து இதை ஒப்புக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நல்ல விஷயம்தானே? யார் சொன்னால் என்ன?" என்று கேட்டார். என் மருமகள் கேட்ட அதே கேள்வி!

"நல்ல விஷயம்தான் காக்கா. என் சொல்லாகச் சொன்னால் குற்றமில்லை. நாயகத்தின் சொல்லாகச் சொன்னதுதான் குற்றம்" என்றேன். தம் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவர் நரகத்தில் தம் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்று அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தும் ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் இருக்கிறதே!

என் மருமகளின் பட்டியல் இப்போது வேறு மாதிரி இருக்கிறது. அவள் கண்ணால் பார்த்தவை ஐந்து. ஆறு நூல்களுக்கு எதிரே, 'நேரில் காணவில்லை. இன்னாருடைய நூலில் எடுத்தாளப்பட்டது' என்று எழுதியிருக்கிறாள். பன்னிரண்டாவதை அடித்துவிட்டாள். "இதனால் மதிப்பெண் குறைந்தால், மாமா?" என்று கேட்டாள். குறையலாம். குறையாது என்று அவளுக்கு உறுதி சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அதையே அவளிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே கட்டுரையைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

வாசக சகோதர சகோதரிகளே! நம் வீட்டுப் பிள்ளைகள் கட்டுரை எழுதிக் கொண்டு வரும்போது, 'எத்தனை பக்கம்?' என்று கேட்கிறோம், 'எத்தனை மார்க்?' என்று கேட்கிறோம். 'இதை நீ பார்த்தியா?' என்றும் ஒரு வார்த்தை கேட்போம். கேட்கும் முன் நம் நாவையும் ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.

பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லும் உண்மையாளர்களின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.