பாரியின் தேரும் உழவனின் கடலையும்

முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை அளித்தான் பேகன். பள்ளிப் பிள்ளையும் அறிந்த செய்தி இது. மேடைதோறும் முழங்கியிருக்கிறோம், முழங்கியபோதெல்லாம் கையொலி எழுந்திருக்கிறது. கொடியின் துயர் கண்டு இரங்கியவன் தமிழன், மயிலின் குளிரை எண்ணி உருகியவன் தமிழன் என்று மார்தட்டி மகிழ்ந்திருக்கிறோம். மகிழ்வதில் தவறில்லை. ஆனால், ஒன்றை எண்ணிப் பார்த்தோமா? பாரி முந்நூறு ஊருக்கு உரியவன். ஒரு தேர் போனால் மறு தேர் வரும். பேகன் மலைநாட்டுத் தலைவன். ஒரு போர்வை போனால் வேறொன்று கிடைக்கும். அவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள், கொடை என்றோம். இரண்டு ஏக்கர் புன்செய்யில் கடலை விதைத்துவிட்டு, விடியுமுன் எழுந்து தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிறானே உழவன், அவன் விதைத்ததை மயில் கொத்திக்கொண்டு போகிறதே, அதற்கு என்ன பெயர்? கொடையா? வரியா? கொள்ளையா?

1963ஆம் ஆண்டு மயில் நாட்டுப் பறவையாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கொல்வதைக் குற்றம் என்றது. அந்தச் சட்டத்தோடு நமக்குப் பூசல் இல்லை. அது இல்லையேல் தோகைக்காகவும் கறிக்காகவும் மயிலினத்தையே முடித்திருப்பார்கள். நாம் கேட்பது வேறு. நாட்டுக்குப் பெருமை, முருகனின் ஊர்தி என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பக்தருக்குப் புண்ணியம், படம் பிடித்துப் போகும் நகரத்தாருக்கு இன்பம். நட்டம் மட்டும் உழவனுக்கு! இது எந்த ஊர் நீதி?

விலங்கும் பறவையும் காட்டிலே வாழட்டும், கழனியிலே நமக்கென்ன வேலை என்பார் உளர். இந்திய நிலப்பரப்பில் சரணாலயம், தேசியப் பூங்கா என்று வேலியிட்டு வைத்திருப்பது நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு. எஞ்சிய இடமெல்லாம் வயல், தோப்பு, மேய்ச்சல் காடு, ஏரி, ஊர். சரணாலய எல்லைக்கல்லைப் படித்துத் திரும்பிப் போக நாரைக்குத் தெரியாது. ஆந்தை பட்டா பார்த்து எலி பிடிப்பதில்லை. எனவே, உயிரினங்கள் பல பிழைப்பதும் அழிவதும் வனத்துறை அலுவலகத்தில் மட்டுமன்று, பட்டா நிலத்திலும் முடிவாகிறது. பட்டா வைத்திருப்பவனுக்கு அந்த நிலத்தில் வாழும் உயிர்மீது என்ன உரிமை உண்டு, அவ்வுயிர் வாழவேண்டும் என்று விரும்பும் நமக்கு அவன்மீது என்ன உரிமை உண்டு என்ற இரு கேள்விகளையும் சேர்த்தே கேட்டாகவேண்டும். ஒன்றை மட்டும் கேட்பவர் தமக்கு வசதியானதைக் கேட்கிறார்.

"என் நிலம், என் மாடு, என் விருப்பம்" என்பது ஒரு விடை. அதன் விளைவைப் பாறுகளைக் கேட்டால் தெரியும். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்த அந்தப் பறவை, செத்த மாட்டைச் சில மணி நேரத்தில் எலும்பாக்கி, ஊரை நோயிலிருந்து காத்த கூலியில்லாத் தோட்டி. 1990க்குப் பின் அவை கூட்டங்கூட்டமாக மடிந்தன. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அளவுக்குக் குறைந்தது. காரணம் என்ன? சாபமா? கிரகக் கோளாறா? மாட்டுக்கு வலி தீர ஊசி வழியே ஏற்றிய டைக்ளோபினாக் என்னும் மருந்து! அந்த மாடு இறந்தபின் அதைத் தின்ற பறவையின் சிறுநீரகம் பழுதாயிற்று என்று 2004இல் ஆய்வாளர் மெய்ப்பித்தனர். 2006இல் மாட்டுக்கு அம்மருந்தை இந்தியா தடை செய்தது. மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தமையால், 2015இல் அவற்றையும் தடுக்கவேண்டி வந்தது. மருந்து கொடுத்தவன் கொடியவனல்லன். தன் மாட்டின் வலிக்கு இரங்கியவன். ஆனாலும், தன் தொழுவத்தில் தன் காசில் செய்த செயல் வானத்தையே வெறுமையாக்கிற்று. 'என்னுடையது' என்ற சொல்லுக்கு எல்லை எங்கே முடிகிறது என்று அறியாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது ஆபத்து.

"உயிர்கள் புனிதமானவை, தெய்வத்துக்கு உகந்தவை, தொடாதே" என்பது மற்றொரு விடை. சடாயு மோட்சம் பெற்ற கதையைக் காலட்சேபம் செய்து காசு பார்த்த நாடு இது. திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உச்சிவேளையில் குருக்கள் சர்க்கரைப் பொங்கல் ஊட்ட, கழுகுகள் வந்து உண்ட காட்சியைக் காணக் கூட்டம் கூடிற்று. முனிவர்களே பறவையாக வருகிறார்கள் என்றார்கள். கடந்த நூற்றாண்டின் இறுதியோடு அந்த வருகை நின்றுபோயிற்று. மணி அடித்தார்கள், பறவை வரவில்லை. பாறுகள் மடிந்த காரணத்தைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடமே அன்றி, கருவறை அன்று. இன்னொன்றும் சொல்வோம்: மயில் முருகனுக்கு ஊர்தி என்றால் எலி பிள்ளையாருக்கு ஊர்தி; எலிக்கு மட்டும் ஏன் பொறி வைக்கிறோம்? புனிதம் என்பது பயிர் போகாத இடத்தில் மட்டும் உறுதியாக நிற்கும் போலும்.

பக்தியால் முடியாததை அறிவு செய்த ஊரும் நம்மிடம் உண்டு. வேடந்தாங்கல்! 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, அவ்வூர் உழவர் கலெக்டரிடம் போய் முறையிட்டு, சுடக்கூடாது என்று எழுத்திலே உறுதி பெற்றார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். ஏன்? பறவையின் எச்சம் ஏரிநீரில் கலக்கும், ஏரிநீர் வயலில் பாயும், வயல் விளையும். தலமகிமை பாடவில்லை அவர்கள், கணக்குப் பார்த்தார்கள். சிவகங்கைப் பகுதியிலே கொள்ளுக்குடிப்பட்டி என்றோர் ஊர். அங்கே கூடு கட்டும் பறவை அஞ்சிப் பறந்துவிடுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நரகாசுரன் கதையை எத்தனை மேடையில் நாம் மறுத்தோம்! நம் பேச்சால் அடங்காத வெடியை நாரைக் குஞ்சு அடக்கிவிட்டது.

எனினும் வேடந்தாங்கல் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தாது. பறவை எருத் தரும் இடத்தில் உழவன் காப்பான். பயிர் தின்னும் இடத்தில்? பயிரைத் தின்னாவிட்டாலும் வருவாய் தராத இடத்தில்?

கொங்கு நாட்டுக் கொறங்காட்டை எண்ணிப் பார்ப்போம். காங்கயம், வெள்ளகோயில், மூலனூர், தாராபுரம் பக்கம் போனவர் கண்டிருப்பர். மழை குறைந்த செம்மண், கிணற்றுநீர் அரிது. அந்த மண்ணில் ஏரைத் திணித்துத் தோற்பதைவிட, மேய்ச்சலுக்கு விட்டு வாழ்வது மேல் என்று முன்னோர் கண்டனர். நிலத்தைச் சுற்றி முள்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல் மரம். புல் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி. கோடையில் புல் கருகினால் வெள்வேல் நெற்று உதிர்ந்து பசி ஆற்றும். ஒரு காட்டில் மேய்த்து, அது தளருமுன் மறு காட்டுக்கு மாற்றி, மண்ணுக்கு ஓய்வு தந்து, தலைமுறைகளாக நடந்த ஏற்பாடு. காங்கயம் காளை இங்கேதான் உருவாயிற்று. காளைக்கென்று அமைத்த அந்த வேலிக்குள் கௌதாரி குடியேறியது. முயல் பதுங்கியது. ஓணானும் கீரியும் சாரைப்பாம்பும் இடம் பிடித்தன. அழைத்தவரும் இல்லை, விரட்டியவரும் இல்லை. தனியார் நிலம், உழைப்பு நிலம், அதே வேளையில் உயிர்களின் புகலிடம்.

2017இல் காளைக்காக மெரினாக் கடற்கரை மனிதக் கடலாயிற்று. காளை மேயும் காட்டுக்காக யார் கூடினார்கள்? மக்கள் திருப்பூர்ப் பனியன் ஆலைக்குப் போய்விட, முதுமை எய்திய உரிமையாளர் ஆயுள் முழுதும் மாடு மேய்த்துக் காணாத பணத்தை மனை விற்பவர் ஒரே கையெழுத்துக்குத் தருகிறார். கையெழுத்து இட்டால் பாவி என்போமா? மகளுக்கு மணம் முடிக்கவேண்டியவரிடம் போய், கௌதாரிக்காகக் காட்டை வைத்திரும் ஐயா என்று சொல்லும் துணிவு, மனையில் வீடு கட்டிக் குடியிருக்கும் நமக்கு எங்கிருந்து வந்தது?

காக்கச் சொல்பவர் பங்கு கொடுக்கவேண்டும். இதுவே நம் துணிபு. பட்டா என்பது பயன்கொள்ளும் உரிமை. ஓர் இனத்தையே முடித்துவிடும் உரிமையன்று. அதனால்தான் மருந்துத் தடையையும் வேட்டைத் தடையையும் ஆதரிக்கிறோம். இரவில் வேலிக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சி, யானையையும் நீர் பாய்ச்சப் போகும் கூலியாளையும் ஒருசேரக் கொல்லும் கொடுமையைக் கண்டிக்கிறோம். ஆனால், செய்யாதே என்பதோடு நில்லாமல், இடம் விடு, விளைச்சலில் ஒரு பகுதியை இழ, விலை வந்தாலும் விற்காதே என்று கேட்கத் தொடங்கினால், அங்கே கட்டளை போதாது, கூலி வேண்டும். இன்று பயிர் போனால் கொடுப்பதற்கு நிவாரணம் என்று பெயர். வெள்ளத்தில் வீடிழந்தவனுக்குக் கொடுப்பதும் நிவாரணமே! உழவன் பேரிடரில் சிக்கியவனல்லன், பொதுவேலை செய்பவன். மனு எழுதி, படம் எடுத்து, படிக்கட்டு ஏறி, கைகட்டி நின்று அவன் அதைப் பெறவேண்டியதில்லை. கோசுட்டா ரிக்கா என்னும் சிறுநாடு, 1996இல் சட்டம் இயற்றி, எரிபொருள் வரியிலிருந்து பங்கெடுத்து, தம் நிலத்தில் காட்டைக் காப்போருக்குப் பணம் தருகிறது. அங்கே அதை யாரும் பிச்சை என்பதில்லை.

காசு கொடுத்தால் அறம் வாணிபமாகிவிடாதா என்று சிலர் கலங்குகின்றனர். ஆசிரியருக்கு ஊதியம் கொடுத்ததால் கல்வி கெட்டதா? பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்ற போதனை எப்போதும் யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை இந்த நாடு நன்கறியும்; உழைத்தவனுக்குச் சொல்லப்பட்டது, பலனை எடுத்துக்கொண்டவனால் சொல்லப்பட்டது. அதே பழைய பாட்டைப் பறவையின் பெயரால் பாடவேண்டா.

நம் கவலை வேறொன்று. ஏக்கர் கணக்கில் பணம் என்றால், நூறு ஏக்கர் பட்டக்காரருக்கு நூறு பங்கு. பட்டா இல்லாதவருக்கு ஒன்றுமில்லை. கொறங்காட்டைக் கொறங்காடாக வைத்திருப்பது உரிமைப் பத்திரம் மட்டுமா? குத்தகைக்குப் பிடித்து ஆடு மேய்ப்பவர், கிளுவைப் போத்து நட்டு வேலியின் ஓட்டையை அடைப்பவர், வெள்வேல் நெற்றுப் பொறுக்கும் பெண்டிர், இவர்கள் கையல்லவா அது? சீமைக்கருவேல் முளைத்தால் முதலில் கண்டு பிடுங்குபவர் நிலக்கிழாரல்லர், மேய்ப்பவர். நாளை ஒரு திட்டம் வரலாம். வந்தால், ஊராட்சிக் கூட்டத்தில் எல்லோரும் காண அந்தப் பதிவேட்டை விரிக்கவேண்டும். பட்டாதாரர் பெயருக்குப் பக்கத்தில் குத்தகைதாரருக்கும் மேய்ப்பவருக்கும் ஒரு கட்டம் இருக்கவேண்டும். அந்தக் கட்டம் இல்லாத படிவத்தை எவர் கொண்டுவந்தாலும் நாம் எதிர்ப்போம்.